எத்தனை ஸ்பூன் மிச்சம்?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த உடம்பையே தாக்கும் நோய்) நோயாளிகளின் அசதியைப் பற்றி எழுதியபோது, ‘ஸ்பூன் கணக்கு’ என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பற்றித்தான். அதென்ன ஸ்பூன், முள்கரண்டி என்றும் ஒன்று சொல்கிறார்களே அது வேறா, வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். மும்பையில் ஒரு பொது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முடக்குவாதத்தோடு (மூட்டுகள் வீங்கி இறுகும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) செம்பூரில் நெடுநாளாகக் குடித்தனம் நடத்துகிறவளும்கூட. கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

கேள்வி: எனக்கு 31 வயது. லூபஸ் என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. டோம்பிவிலியிலிருந்து காட்கோபர், அங்கே இறங்கி மெட்ரோவில் அந்தேரி என்று தினமும் ஆபீஸ் போய் வருகிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து சோபாவில் உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடிவதில்லை. அத்தை கெட்டவங்க இல்லை. ஆனால், “பார்த்தா நல்லாத்தானே இருக்கே, மூஞ்சிகூட வாடல” என்கிறார். அதைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. ஸ்பூன், ஃபோர்க் என்று இன்டர்நெட்டில் படித்ததை, தாராவியில் 20 வருஷம் ஒண்டுக்குடித்தனம் இருந்த அத்தைக்கு எப்படிப் புரியவைப்பேன்?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: உங்கள் அத்தை சொல்கிற வாக்கியத்தைத் தன் இணையதளத்துக்குப் பெயராகவே வைத்த ஒரு பெண் இருக்கிறார். கிறிஸ்டீன் மிஸராண்டினோ என்ற அமெரிக்கர். அவருக்கும் லூபஸ்தான். ‘ஆனால், பார்த்தால் நோயாளி மாதிரி தெரியவில்லையே’ என்பதுதான் அந்தத் தளத்தின் பெயர். 2003-ல் அவர் எழுதிய கட்டுரையில் வருவதுதான் ஸ்பூன். ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருக்கும்போது கூட இருந்த தோழி கேட்கிறாள், இந்த நோயோடு இருப்பது உண்மையில் எப்படி இருக்கும் என்று. கிறிஸ்டீன் தன் மேஜையிலும் பக்கத்து மேஜைகளிலும் இருந்த ஸ்பூன்களை வாரி எடுத்துத் தோழி கையில் கொடுக்கிறார். மொத்தம் 12. இனி உனக்கும் லூபஸ், உன் ஒரு நாளைச் சொல்லு என்கிறார். ஆபீஸுக்குக் கிளம்புவேன் என்று தோழி ஆரம்பிக்கிறாள். அதை ஒரே வேலையாக எண்ண அவர் விடவில்லை. கண் விழித்து எழுவது தனி, குளிப்பது தனி, உடை மாற்றுவது தனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். தோழி கற்பனையில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கையில் 6 தான் மிச்சம்.

12 என்பது அன்றைக்கு அவர் கைக்குக் கிடைத்த எண்ணிக்கை. உங்களுக்கு ஒரு நாள் 15 இருக்கும், நோய் கிளம்புகிற வாரத்தில் 4-தான் இருக்கும். நாளைய ஸ்பூனை இன்றைக்கே எடுத்துச் செலவழிக்கவும் முடியும், ஆனால் நாளைக்கு அது இருக்காது. உங்கள் காலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து டப்பா கட்டுவதில் ஒன்று. ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஒன்று. ஏற்கெனவே நிரம்பி வருகிற வண்டியின் லேடீஸ் பெட்டியில் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பதில் இரண்டு. காட்கோபரில் ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு ஏறுகிற அந்த நெரிசலில் இன்னொன்று. ஆபீஸில் நீங்கள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. இதில் எதுவுமே உங்கள் முகத்தில் தெரியாது, அத்தைக்கு மட்டும் எப்படித் தெரியும்?

முள்கரண்டிக் கணக்கு இதற்குப் பிறகு வந்தது. ஸ்பூன் உங்கள் கையில் இருக்கும் தெம்பு. முள்கரண்டி உங்கள் மேல் குத்தி நிற்கும் தொந்தரவு. சின்ன முள்ளும் உண்டு, பெரிய முள்ளும் உண்டு. பசி ஒரு முள். பெட்டியில் அடக்கிக்கொண்டு வந்த சிறுநீர் ஒரு முள். வீட்டுக் கடன் பெரிய முள். லூபஸ் எல்லாவற்றையும்விடப் பெரிய முள். ஒவ்வொருவருக்கும் தாங்குகிற அளவு என்று ஒன்று உண்டு. பெரிய முள்ளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவர், “பால் வாங்கலையா?” என்ற கடைசிக் குத்தலில் சரிந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு, பால் விஷயத்துக்கா இந்த அழுகை என்று தோன்றும்.

இந்த இரண்டில் முள்கரண்டிதான் நம் வீடுகளுக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். ஸ்பூனை எண்ணுகிற வேலை முழுக்க நோயாளியின் தலையில் விழுகிறது. அவளேதான் எண்ண வேண்டும், அவளேதான் விளக்க வேண்டும், நம்பாதவர்களிடம் அவளேதான் வாதாட வேண்டும். அந்த விளக்கத்துக்கே ஒரு ஸ்பூன் போகும். முள் அப்படியில்லை. அதைப் பிடுங்கிப்போட வீட்டில் யாராலும் முடியும். பெரிய முள்ளை உங்கள் கணவராலும் அத்தையாலும் எடுக்க முடியாது. ஆனால் நீங்கள் கதவைத் திறந்து வரும்போது ஃபேனைப் போட்டு, சூடாக எதையாவது கையில் கொடுத்து, அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் விட்டால் அங்கேயே மூன்று சின்ன முள் போய்விடும். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ‘என்னைப் புரிஞ்சுக்கோங்க’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், பாவம், அவருக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியாது. இந்த அரை மணி நேரத்தைக் கேளுங்கள்.

அத்தையிடம் ஸ்பூனே வேண்டாம். தாராவிக் குழாயில் விடியற்காலை கொஞ்ச நேரம் வருகிற தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு நாளை ஓட்டியவர் அவர். குடிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து மொண்டிருப்பார். மத்தியானம் ஊரிலிருந்து ஆள் வந்து குளித்துவிட்டால் அன்றைக்குத் துணி துவைக்க முடிந்திருக்காது. அதற்காக அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். “அத்தை, என் உடம்புக்குக் குழாய் அவ்வளவு நேரம்தான் திறக்குது. ஆபீஸ் போய் வந்ததும் டிரம் காலி” என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் அழாமல் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லுங்கள்.

ஒன்றை நர்ஸாகச் சொல்ல வேண்டும். எல்லா அசதியையும் லூபஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு, ஸ்டீராய்டு மாத்திரையால் கெடுகிற தூக்கம், மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும். ஹீமோகுளோபின் 8-ல் இருக்கிற பெண்ணுக்கு ஸ்பூன் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, அவளுக்கு முதலில் ரத்தம் ஊற வேண்டும். வெயிலும் லூபஸைக் கிளப்பும், ஆகையால் குடை, முழுக்கை, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், ஆரம்பத்தில் ஒரு முறை கண் பரிசோதனை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் என்பது வழக்கம். உங்கள் டாக்டர் அதற்கு முன்பே வரச்சொன்னால் போங்கள்.

ரயிலைப் பற்றியும் ஒன்று. கல்யாணுக்கு அந்தப் பக்கமிருந்து நிரம்பி வரும் வண்டியை விட்டுவிட்டு, டோம்பிவிலியிலேயே கிளம்புகிற வண்டியைப் பிடியுங்கள். இன்னும் முன்னால் கிளம்ப வேண்டியிருக்கலாம், ஆனால் உட்கார்ந்து போகலாம். நிற்காமல் போனால் அந்த இரண்டு ஸ்பூனும் உங்களிடமே இருக்கும்.

கேள்வி: என் மனைவிக்குக் கொரோனாவுக்குப் பிறகு அசதி போகவே இல்லை. எம்.ஈ./சி.எஃப்.எஸ். (நாள்பட்ட அசதி நோய்) என்கிறார் டாக்டர். கொஞ்சம் தெம்பு வந்தால் பரண்வரை துடைத்து வைக்கிறாள். மறுநாளும் நடமாடுகிறாள். அதற்கடுத்த நாள் படுக்கை, ஒரு வாரம் எழுந்திருப்பதில்லை. தினமும் பத்து பத்து நிமிஷமாக நடையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறான் ஜிம் வைத்திருக்கும் மச்சான். நான் காலையில் எழுந்ததும், “இன்னிக்கு எத்தனை ஸ்பூன்?” என்று ஆசையாகத்தான் கேட்கிறேன். அதற்கும் எரிந்து விழுகிறாள்.
– வாசகர், முலுண்ட்

பதில்: மச்சானின் யோசனையை இன்றோடு நிறுத்துங்கள். இந்த நோயின் முக்கியமான அடையாளமே நீங்கள் எழுதியிருப்பதுதான். உழைத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்து மொத்த உடம்பும் கவிழும். கவிழ்ந்தால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். உடலுழைப்புதான் என்றில்லை. பேங்க் பாரம் நிரப்புவது, ஊரிலிருந்து வருகிற நீண்ட போன் பேச்சு, ஒரு கல்யாண வீட்டுச் சத்தம்கூட இதைச் செய்யும். இத்தனை நிமிஷம் என்று வைத்து அதைக் கூட்டிக்கொண்டே போகிற உடற்பயிற்சித் திட்டத்தை இந்த நோயாளிகளுக்குத் தரக் கூடாது என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டுதலையே மாற்றி எழுதியது. முன்பு அவர்களே அதைப் பரிந்துரைத்தவர்கள்.

இதைப் படிக்கிற முடக்குவாத நோயாளிகளும் லூபஸ் நோயாளிகளும் நடையை நிறுத்திவிட வேண்டாம். உங்களுக்கு அளவான உடற்பயிற்சி நல்லது. அசதி ஒன்று போலத் தெரிந்தாலும் நோய்க்கு நோய் விதி வேறு.

உங்கள் மனைவி கற்றுக்கொள்ள வேண்டியது, கையில் ஸ்பூன் இருக்கும்போதே நிறுத்துவது. இது ரொம்பக் கஷ்டம். பல மாதம் படுத்துக் கிடந்தவளுக்கு ஒரு நாள் தெம்பு வந்தால், பார்த்துப் பார்த்து மனசு வெதும்பிய ஒட்டடையைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். அவளைத் திட்டாதீர்கள். அந்தப் பரணை நீங்கள் முந்திக்கொண்டு துடைத்துவிடுங்கள். அழுக்காகத் தொங்குகிற ஒட்டடையும் அவளுக்கு ஒரு முள்தான். நல்ல நாளில் அவள் தனக்குப் பிடித்ததில் தெம்பைச் செலவு செய்யட்டும், பால்கனியில் உட்கார்ந்து வெயில் காயட்டும்.

காலைக் கேள்வி உங்கள் வாயிலிருந்து அன்பாகத்தான் வருகிறது, எனக்குத் தெரிகிறது. ஆனால் கண் விழித்ததும் கணக்குக் கேட்டால், கம்மியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற துக்கம் அவளுக்கு. நான் பார்த்த ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று காந்தப் பொத்தான்கள் வைத்திருந்தார்கள். எழுந்து வருகிற அந்தம்மா ஒன்றை மேலே நகர்த்திவிட்டுப் போவார். சிவப்பு என்றால் அன்று குக்கரில் வெறும் சாதம், வாங்கி வந்த தயிர், ஊறுகாய். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மச்சானிடம் பேசுவதும் உங்கள் பொறுப்பு. அவருக்குப் பதில் சொல்லும் வேலையை அவளிடம் விடாதீர்கள்.

கேள்வி: வயது 58. முடக்குவாதம். கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்ததிலிருந்து கொலு வைக்காத வருஷமில்லை. ஏழு படி. இப்போது கை, மணிக்கட்டு எல்லாம் போய்விட்டது. மருமகள்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். விட்டுவிடவும் மனசில்லை. ஒன்பது நாளும் சுண்டலும் தாம்பூலமுமாக எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: விட வேண்டாம். மூன்று படி வையுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் சரி, ஏழுதான் என்று எந்த அம்பாளும் கேட்கவில்லை.

முடக்குவாதக் கைக்குக் கொலுவில் முதல் எதிரி பொம்மை இல்லை, அந்த ஸ்டீல் படியின் நட்டு. இரண்டு விரலால் பிடித்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி முடுக்க வேண்டும். ஒரு படிக்கு நாலு நட்டு என்றாலும் ஏழு படிக்கு யோசித்துப் பாருங்கள், வீங்கின மணிக்கட்டுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. பில்டிங்கில் இருக்கிற பையன்கள் யாரையாவது கூப்பிட்டு ஸ்பேனரால் முடுக்கச் சொல்லுங்கள். பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழந்துணி பிரிக்கிற வேலையைக் காலையில் செய்யாதீர்கள். நமக்கு விரல் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வெந்நீரில் கையை வைத்திருந்து, காபி குடித்து, பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்துகொண்டு பிரியுங்கள். கனமான செட்டியார் பொம்மையை விரலால் தூக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஏந்துங்கள். குக்கரும் அப்படித்தான், ஒற்றைக் கைப்பிடியால் தூக்கவே கூடாது. தேங்காய் துருவினதாகவே வாங்குங்கள், மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்காததா. தாம்பூலப் பைகளை நவராத்திரிக்கு முந்தின வாரமே உட்கார்ந்தபடி போட்டு வைத்துவிடுங்கள், வெற்றிலையை மட்டும் அன்றன்றைக்கு.

ஒன்பது சாயங்காலமும் கதவைத் திறந்து வைக்க வேண்டாம். இரண்டு நாள் சொல்லி எல்லோரையும் அன்றைக்கே அழையுங்கள். மற்ற நாளில் விளக்கேற்றி, நைவேத்தியத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல், நீங்களே ஒரு பாட்டு. மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர் என்றால் (வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து) மறுநாள் பலருக்கும் தலை பாரமாக, வாய் கசப்பாக இருக்கும். நான் சனிக்கிழமை ராத்திரி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கு விட்டுவிடுவேன். உங்கள் மாத்திரைக்கு மறுநாள் எது என்று பார்த்து, அன்றைக்கு யாரையும் வரச்சொல்லாதீர்கள்.

“என்ன மாமி, இந்த வருஷம் மூணே படியா?” என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். அந்த முள் வருவது உறுதி. “ஆமாம், கை வீங்கியிருக்கு, உட்காருங்கோ” என்று சொல்லிவிட்டுப் பாட ஒரு ஆளைத் தேடுங்கள். செம்பூர் செடா நகர் முருகன் கோயிலில் அத்தனை படியும் ஏறாமல் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் நாங்கள் சில பேர் இருக்கிறோம். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: வயது 27, ஆண். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு அழற்சி). வாஷியில் ஐ.டி. வேலை. காலையில் முதுகு இரும்புக் கம்பி போல் நிற்கிறது. மேனேஜரிடம் சொன்னால் வேலைக்கு ஆபத்தா? மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா? ஸ்பூன் கதையெல்லாம் ஆபீஸில் சொன்னால் சிரிப்பார்களே.
– வாசகர், நவி மும்பை

பதில்: ஸ்பூன் கதையை ஆபீஸில் சொல்ல வேண்டாம். அது நம்மை நேசிக்கிறவர்களுக்கு. ஆபீஸில் கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்.

உங்கள் நோய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு. மற்றவர்களுக்கு உட்கார்ந்தால் ஸ்பூன் மிச்சமாகும், உங்களுக்கு உட்கார்ந்தால்தான் செலவாகும். அசையாமல் இருக்க இருக்க முதுகு இறுகும், நடந்தால் இளகும். உங்களுக்கு அடிக்கடி எழுந்து நடப்பதுதான் மருந்து. நீங்கள் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதாக மேனேஜர் நினைத்துக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் 21 வகை குறைபாடுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்க்கின்சனும் பெயரோடு இருக்கின்றன. ஸ்பாண்டிலைட்டிஸ், லூபஸ், முடக்குவாதம் மூன்றும் பெயரோடு இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் நோயால் முதுகோ மூட்டோ இயங்காமல் போயிருந்தால், இயக்கக் குறைபாடு என்ற வகையில் அளந்து பார்ப்பார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பித்து, அவர்கள் சொல்லும் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., டாக்டர் குறிப்பு எல்லாவற்றோடும் போங்கள். தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது அதே சட்டம். உங்கள் எச்.ஆரிடம் முதலில் அதை வாங்கிப் படியுங்கள்.

மேனேஜருக்கு ஒரு மெயில் போதும். உங்கள் டாக்டரின் கடிதத்தை இணைத்து இப்படி எழுதுங்கள்: “எனக்கு முதுகெலும்பில் நாள்பட்ட அழற்சி நோய் இருக்கிறது. சிகிச்சை நடக்கிறது. காலையில் விறைப்பு அதிகம் என்பதால் 9 மணிக்குப் பதில் 10:30-க்கு வேலையை ஆரம்பித்து, மாலையில் அந்த நேரத்தை ஈடுசெய்ய அனுமதி வேண்டும். நின்றபடி வேலை செய்ய உயரம் மாற்றக்கூடிய மேஜை ஒன்று தேவை. மீட்டிங் நடுவில் எழுந்து நிற்பேன், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.”